கன்னிக் கொத்துக்குள் விழும் குறுமண்டலங்கள்

விண்மீன் மண்டலங்கள் பரந்த வெளியில் சீராகத் தூவப்பட்டிருக்கவில்லை. ஈர்ப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அவை கூடி நிற்கும் இடங்களை மண்டலக் கொத்துகள் என்கிறார்கள். நமக்கு மிக அருகில் உள்ள பெருங்கொத்து கன்னி ராசியின் திசையில், ஏறக்குறைய 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. புரூனோ பிங்கெலி, ஆலன் சாண்டேஜ், குஸ்தாவ் தம்மான் ஆகிய மூவரும் சிலி நாட்டின் லாஸ் கம்பனாஸ் மலையிலிருந்து எடுத்த ஒளிப்படங்களை அலசி 1985-இல் ஒரு பட்டியல் வெளியிட்டனர். அந்தத் திசையில் தெரிந்த 2,096 மண்டலங்கள் அதில் இடம்பெற்றன; 1,277 மண்டலங்கள் கன்னிக் கொத்தைச் சேர்ந்தவை என்று கொள்ளப்பட்டன. எம்87, எம்49 போன்ற பூதாகரமான மண்டலங்களே படத்தில் கண்ணை இழுக்கும். ஆனால் எண்ணிக்கையில் அவை சொற்பம். பட்டியலின் பெரும்பகுதியை நிரப்புபவை மங்கலான, பெயரில்லாத, வெறும் எண்ணால் அறியப்படும் குறுமண்டலங்கள்.

அவை அங்கே எப்படி வந்தன என்பது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்படும் கேள்வி. விடையின் ஒரு பகுதி இப்போது நன்றாகத் தெளிந்துவிட்டது. கொத்தில் இன்று காணப்படும் குறுமண்டலங்களில் பல அங்கே பிறந்தவை அல்ல. வெளியிலிருந்து விழுந்தவை. விழும் வழியிலேயே உருமாறியவை.

நமது பால்வீதியில் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. குறுமண்டலங்களில் மிகப் பெரியவற்றில் சில நூறு கோடி விண்மீன்கள் இருக்கும்; மிகச் சிறியவற்றில் சில ஆயிரம்கூடத் தேறாது. பிரபஞ்சத்தில் மிகுதியாக இருப்பவை இந்தச் சிறியவைதாம். அவற்றில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. முதல் வகை ஒழுங்கற்ற உருவம் கொண்டது. அதில் ஹைட்ரஜன் வாயு நிறைய இருக்கும், புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டே இருக்கும், அதனால் நிறம் நீலமாக இருக்கும். இரண்டாம் வகை வழவழப்பான நீள்வட்ட உருவம் கொண்டது. வாயு ஏறத்தாழ இல்லை, பிறப்பு நின்றுவிட்டது, பழைய விண்மீன்களின் செம்மஞ்சள் ஒளி மட்டுமே மிச்சம். இந்த இரண்டும் வானில் கலந்து கிடப்பதில்லை. தனித்த வெளியில் பார்த்தால் ஒழுங்கற்ற நீல வகையே பெரும்பான்மை. கொத்தின் நடுப்பகுதிக்குப் போகப் போக நீள்வட்ட வகையே நிறைந்திருக்கிறது. பெரிய மண்டலங்களிலும் இதே போக்கு உண்டு என்பதை ஆலன் டிரெஸ்லர் 1980-இல் 55 கொத்துகளை ஆராய்ந்து நிறுவினார். வாழும் இடத்துக்கும் உருவத்துக்கும் இத்தனை நெருக்கமான தொடர்பு இருந்தால், இடம் மாறும்போது உருவமும் மாறுகிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

கொத்தில் சேர்வதற்கு முன் ஒரு குறுமண்டலம் எப்படி இருக்கும் என்பதை அறிய இந்தியாவின் ஒரு கருவி பெரிதும் உதவியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் நாராயண்காவ் ஊருக்கு அருகே, கோடத் கிராமத்தைச் சுற்றி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 பெரும் உணர்கிண்ணங்கள் பரப்பி வைக்கப்பட்டுள்ளன. அதுவே மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி. புனேயில் உள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ஜெயராம் செங்களூர், ஆயிஷா பேகம் ஆகியோரும் ரஷ்ய வானியலாளர் இகோர் கராச்சென்ட்சேவும் சேர்ந்து அந்தத் தொலைநோக்கியால் மங்கலான ஒழுங்கற்ற குறுமண்டலங்களின் ஹைட்ரஜனை வரிசையாக அளந்தார்கள். 2008-இல் வெளியான அந்தக் கணக்கெடுப்பில் 62 மண்டலங்கள் இருந்தன. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே என்ஜிசி 3741 என்ற சிறு மண்டலத்தில் ஒரு வியப்பான செய்தியை அவர்கள் கண்டிருந்தனர். கண்ணுக்குத் தெரியும் அதன் ஒளியுடலைப் போல் எட்டு மடங்குக்கும் மேல் அகலமான வாயுத் தட்டு ஒன்று அதைச் சுற்றிப் பரவியிருந்தது. ஒளிப்படத்தில் ஒரு சிறு புள்ளி. ரேடியோ அலையில் விரிந்த ஒரு தட்டு. தனித்து வாழும் குறுமண்டலங்கள் பல தமது வாயுவை இப்படித்தான், தளர்வாகவும் அகலமாகவும், மிக மெல்லிய ஈர்ப்பால் பிடித்துவைத்திருக்கின்றன. கொத்துக்குள் நுழையும்போது இந்தத் தளர்வே அவற்றுக்கு வினையாகிறது.

நுழையும் இடம் எப்படிப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். கொத்து என்றால் மண்டலங்களின் கூட்டம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. கோமா என்ற வேறொரு கொத்தின் மண்டலங்கள் ஓடும் வேகத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அவற்றைப் பிடித்துவைக்கப் போதாது என்று 1933-இலேயே வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி சொன்னார். கொத்தின் நிறையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஒளி வீசாத கரும்பொருள் என்பது இன்றைய கணக்கு. எஞ்சியதிலும் விண்மீன்களின் பங்கு குறைவுதான். அதைவிடப் பல மடங்கு நிறை, மண்டலங்களுக்கு இடையே நிரம்பியிருக்கும் வாயுவில் இருக்கிறது. கன்னிக் கொத்தில் இந்த வாயுவின் வெப்பம் இரண்டு மூன்று கோடி டிகிரி. எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிகளுக்குத்தான் அது தென்படும். பூமியில் எந்த ஆய்வகமும் உண்டாக்கும் வெற்றிடத்தைவிடவும் அது மெலிதானது. ஒரு கன சென்டிமீட்டரில் ஓர் அணுவின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காத பகுதிகளே அதிகம். இத்தனை மெலிந்த ஒன்று ஒரு மண்டலத்தை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். வேகம் கூடும்போது செய்கிறது.

கொத்து என்பது கட்டி முடிக்கப்பட்ட ஒன்று அல்ல. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் பொருள் பரவியிருந்த விதத்தில் மிகச் சிறிய ஏற்றத்தாழ்வுகள் இருந்தன. சற்றே அடர்ந்த இடங்கள் அண்டைப் பொருளை இழுத்து மேலும் அடர்ந்தன. முதலில் சிறியவை உருவாயின, அவை இணைந்து பெரியவை ஆயின. இந்தக் கதையில் பெருங்கொத்துகள் கடைசியாக வந்தவை, இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவை. பொருள் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே அளவில் வருவதும் இல்லை. கரும்பொருளும் மண்டலங்களும் நீண்ட இழைகளாகத் திரண்டிருக்கின்றன. இழைகள் சந்திக்கும் முடிச்சுகளில் கொத்துகள் அமர்ந்திருக்கின்றன. 2005-இல் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட துகள்களைக் கொண்டு கணினியில் நடத்தப்பட்ட மில்லேனியம் பாவிப்பு இந்த வலைப்பின்னலைப் படமாகவே காட்டியது. குறுமண்டலங்கள் பெரும்பாலும் இந்த இழைகளின் வழியாகவே கொத்தை அடைகின்றன.

எந்த மண்டலம் வந்து சேரும், எது சேராது என்பதை ஓர் எல்லை தீர்மானிக்கிறது. பிரபஞ்சம் விரிவதால் மண்டலங்கள் கொத்தை விட்டு விலகிப் போகின்றன. கொத்தின் ஈர்ப்பு அவற்றைப் பின்னுக்கு இழுக்கிறது. ஒரு குறிப்பிட்ட தொலைவில் இரண்டும் சமமாகிவிடும். அதற்கு உள்ளே இருக்கும் மண்டலம் விலகுவதை நிறுத்தித் திரும்பி விழத் தொடங்கும். கராச்சென்ட்சேவும் அவருடைய குழுவினரும் கன்னிக் கொத்துக்கு இந்தத் தொலைவை ஏறக்குறைய 2.3 கோடி ஒளியாண்டு என்று அளந்திருக்கிறார்கள். ஆகவே சேர்தல் என்பது ஒரு வாசலைக் கடக்கும் நிகழ்ச்சி அல்ல. திரும்பிய நாளிலேயே அந்த மண்டலம் கொத்துக்குக் கட்டுப்பட்டதாகிவிடுகிறது. கொத்தின் நடுவை எட்ட அதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும்.

பால்வீதி இந்த எல்லைக்கு வெளியே, இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட தொலைவில் நிற்கிறது. கன்னிக் கொத்தின் ஈர்ப்பு நம்மையும் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த இழுவை, விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நம்மையும் கொத்தையும் பிரிக்கும் விரிவைச் சற்றே குறைக்க மட்டும் போதுமானது. விரிவு மேலும் மேலும் விரைவடைந்து வருவதால் நாம் அங்கே போய்ச் சேரப்போவதில்லை. இதற்கு நேர்மாறான காட்சி எம்86. கன்னிக் கொத்தைச் சேர்ந்த அந்தப் பெரிய மண்டலம், பிரபஞ்சம் முழுவதும் விலகி ஓடும்போது, விநாடிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. கொத்துக்குப் பின்புறமிருந்து அதனுள் விழுவதால் ஏற்பட்ட வேகம் இது.

எம்86 தனியாக வரவில்லை. அதைச் சுற்றி ஒரு சிறு மண்டலக் கூட்டமே சேர்ந்து விழுகிறது. கன்னிக் கொத்தின் தெற்குப் பகுதியில் எம்49-ஐ நடுவாகக் கொண்ட கூட்டமும் இப்படி வந்து சேர்ந்துகொண்டிருக்கும் துணைக்கொத்துதான். குறுமண்டலங்கள் கொத்தில் சேரும் வழிகளில் இது முக்கியமானது. முதலில் ஒரு குறுமண்டலம் நடுத்தர அல்லது பெரிய மண்டலம் ஒன்றின் துணைக்கோளாகிறது. பிறகு அந்தத் தலைவனோடு கொத்துக்குள் வருகிறது. அப்படி வருவது கொத்தை எட்டும் முன்பே பாதி வாயுவை இழந்திருக்கக் கூடும், விண்மீன் பிறப்பு குறைந்திருக்கக் கூடும். கொத்தின் ஓரத்தில் ஏற்கெனவே ஓய்ந்துபோன குறுமண்டலங்கள் காணப்படுவதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

இதன் சிறு அளவிலான மாதிரி நமது வீட்டு வாசலிலேயே நடக்கிறது. பெரிய மகெல்லன் மேகம் என்ற குறுமண்டலம் 1.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலும், சிறிய மகெல்லன் மேகம் என்ற குறுமண்டலம் சுமார் 2 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன. ஹபிள் தொலைநோக்கி அவற்றின் வேகத்தை 2006 வாக்கில் அளந்தபோது, எதிர்பார்த்ததைவிட அது கூடுதலாக இருந்தது. அவை நெடுங்காலமாகப் பால்வீதியைச் சுற்றிக்கொண்டிருப்பவை அல்ல, முதல் முறையாக இப்போதுதான் வந்திருப்பவை என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. 2018-இல் வெளியான கையா விண்கலத்தின் அளவீடுகள் இன்னொன்றையும் காட்டின. ஹைட்ரஸ் 1, காரினா 2, காரினா 3, ஹொரோலோஜியம் 1 போன்ற மிகச் சிறிய மண்டலங்கள் பெரிய மகெல்லன் மேகத்தோடு கூடவே வந்தவை. குறுமண்டலமும் தனக்கென்று குறுமண்டலங்களை வைத்துக்கொண்டுதான் பயணம் செய்கிறது. பால்வீதியிலிருந்து ஒன்பது இலட்சம் ஒளியாண்டுக்குள் இருக்கும் குறுமண்டலங்களில் இந்த இரு மேகங்களைத் தவிர மற்றவற்றில் வாயு ஏறத்தாழ இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. தொலைவில் இருக்கும் லியோ டி போன்ற மிகச் சிறியவற்றில்கூட அது இருக்கிறது. பெரியதன் அருகே போனால் வாயு போகும் என்ற விதி கொத்துகளுக்கு மட்டும் உரியது அல்ல.

மகெல்லன் மேகங்களைக் காண மலேசியாவின் பினாங்குத் தீவு நல்ல இடம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வானியலாளர் வைணு பாப்பு தமிழகத்தின் ஜவ்வாது மலையில் காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்தபோது, தென்வானத்தையும் அங்கிருந்து பார்க்க முடியும் என்பது ஒரு காரணம். ஆனால் காவலூரில் பெரிய மகெல்லன் மேகம் தொடுவானத்திலிருந்து எட்டுப் பாகை உயரத்தைக்கூட எட்டுவதில்லை. வடக்கு அட்சரேகை ஐந்தரைப் பாகையை ஒட்டியிருக்கும் பினாங்கில் அது 15 பாகை வரை ஏறும். பிப்ரவரி தொடக்கத்தில், மழை குறைந்த நாட்களில், இரவு 10 மணி வாக்கில் நேர் தெற்கே பார்க்க வேண்டும். ஜார்ஜ் டவுனின் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. தீவின் தென்கரையில் தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் பக்கம் கடலை நோக்கி நின்றால், வானம் தெளிந்திருக்கும் இரவில் வாய்ப்பு உண்டு.

கன்னிக் கொத்தின் திசையைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. பங்குனி உத்திரத்தன்று முழுநிலா நிற்கும் இடத்துக்குச் சற்று வடகிழக்கே அது இருக்கிறது. உத்திர நட்சத்திரமாகத் தமிழ்ப் பஞ்சாங்கம் சொல்லும் விண்மீனுக்குக் கிழக்கே கையை நீட்டி ஒரு முட்டி அளவு தள்ளிப் பார்க்கலாம். மே மாத நடுவில் இரவு 10 மணிக்கு அந்தப் பகுதி பினாங்கின் உச்சி வானத்தை ஒட்டியிருக்கும். வெறுங்கண்ணுக்கு அங்கே மண்டலம் ஒன்றும் புலப்படாது. நிலா இல்லாத இருண்ட இரவில் சிறு தொலைநோக்கி வைத்திருப்பவர் எம்87, எம்49 ஆகியவற்றை மங்கிய பஞ்சுத் துணுக்காகக் காணலாம். குறுமண்டலங்களுக்கு அதெல்லாம் போதாது.

கொத்தை நெருங்கும் குறுமண்டலத்தின் வேகம் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு ஏறிவிடுகிறது. கொத்தின் சூடான வாயு அசையாமல் நின்றாலும், அதனூடே விரையும் மண்டலத்துக்கு அது எதிர்க்காற்று. காற்றே அடிக்காத நாளில் பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவரின் சட்டை படபடப்பதும் இதனால்தான். எதிர்க்காற்றின் அழுத்தம் வாயுவின் அடர்த்தியைப் பொறுத்தும், வேகத்தின் இருமடியைப் பொறுத்தும் கூடும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் ஆகிய இருவரும் 1972-இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள்: மண்டலம் தன் வாயுவைப் பிடித்துவைக்கும் ஈர்ப்பைவிட இந்த அழுத்தம் மிஞ்சினால் வாயு பிய்த்துக்கொண்டு போய்விடும். விண்மீன்கள் போகமாட்டா. அவை அடர்ந்த சிறு உருண்டைகள். எதிர்க்காற்று அவற்றைத் தீண்டுவதே இல்லை.

சூரியனுக்கு அருகிலிருந்து பால்வீதியை விட்டுத் தப்ப ஒரு பொருளுக்கு விநாடிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். குறுமண்டலத்திலிருந்து தப்ப அதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். பெரிய சுருள் மண்டலம் கொத்துக்குள் நுழைந்தால் அதன் ஓரத்து வாயு மட்டும் போய் நடுப்பகுதி தப்பிக்கும். குறுமண்டலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. வெளியே தளர்ந்து கிடக்கும் தட்டு முதலில் போகும், உள்ளே இருப்பதும் சில பத்துக் கோடி ஆண்டுகளில் போய்விடும். ஒரு மண்டலத்தின் ஆயுளில் அது சிறு பொழுது. கொத்துகளில் பாதி உரிந்த நிலையில் குறுமண்டலங்கள் அரிதாகவே அகப்படுவதற்கு இந்த விரைவும் ஒரு காரணம்.

அகப்பட்டவற்றில் ஒன்று என்ஜிசி 1427ஏ. தென்வானில் உலை என்ற விண்மீன் குழுவின் திசையில், ஏறக்குறைய 6.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கொத்துக்குள் அது விநாடிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. 2005-இல் வெளியான ஹபிள் படத்தில் அதன் ஒரு விளிம்பு முழுவதும் நீல விண்மீன்கள் வில்போல் திரண்டிருப்பது தெரிந்தது. வாயு உரியும் முன் நசுங்குகிறது. நசுங்கிய வாயுவில் விண்மீன்கள் அவசர அவசரமாகப் பிறக்கின்றன. அழிவுக்குச் சற்று முன் இப்படி ஒரு பூரிப்பு.

அதைவிடத் தெளிவான சான்று கன்னிக் கொத்தின் ஐசி 3418. எம்87-இலிருந்து வானில் ஒரு பாகை அளவே தள்ளி இருக்கும் இந்தக் குறுமண்டலம், கொத்தோடு ஒப்பிட்டால் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் செல்கிறது. மண்டலத்தின் உடலில் புதிய விண்மீன்கள் பிறப்பது ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. ஆனால் அதன் பின்னே 55,000 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு வால் நீள்கிறது. அந்த வாலில் விண்மீன்கள் இன்னும் பிறக்கின்றன. உரிந்துபோன வாயு வழியிலேயே ஆங்காங்கே குளிர்ந்து திரண்டு, வெட்டவெளியில், எந்த மண்டலத்துக்கும் உள்ளே இல்லாமல், விண்மீன்களாக மாறுகிறது. இப்படி வால் நீண்டவற்றை ஜெல்லிமீன் மண்டலங்கள் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது.

ஐசி 3418-இன் வால் இளம் விண்மீன்களால் ஆனது என்பதால் புற ஊதா ஒளியில்தான் நன்றாகத் தெரியும். அந்த ஒளி பூமியின் காற்றைத் தாண்டி வராது. அமெரிக்காவின் கேலெக்ஸ் விண்கலம் முதலில் வாலைப் படம்பிடித்தது, ஆனால் அதன் பார்வை அத்தனை கூர்மையானது அல்ல. 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கி அதைவிட மூன்று மடங்கு கூர்மையாகப் பார்க்க வல்லது. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கியது இது. 37.5 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட இரு குழாய்கள். உலக அளவில் ஒப்பிட்டால் சிறிய கருவி. ஆனந்த ஹோத்தாவும் குழுவினரும் அதைக் கொண்டு ஐசி 3418-ஐப் படம்பிடித்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டனர். கேலெக்ஸ் படத்தில் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்த வாலின் முடிச்சுகள் இதில் தனித்தனியே பிரிந்து தெரிந்தன. இதே வாலில், ஹோத்தாவும் ஜப்பானிய வானியலாளர் யோயிச்சி ஒயாமாவும் 2013-இல் சுபாரு தொலைநோக்கி மூலம் ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டு, அது ஒற்றை நீலப் பெருவிண்மீனாக இருக்கலாம் என்று அறிவித்திருந்தனர். ஐந்து கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு தனி விண்மீனைப் பிரித்துக் காண்பது எளிதில் நடப்பதல்ல.

ஐசி 3418 ஏன் இத்தனை முக்கியம்? ஒழுங்கற்ற நீல மண்டலம் நீள்வட்ட மண்டலமாக மாறும் நேரத்திலேயே பிடிபட்டது அது. வால் மங்கிப் போனபின் அதைப் பார்ப்பவர், கொத்தில் உள்ள ஆயிரம் நீள்வட்டக் குறுமண்டலங்களில் இன்னொன்று என்றே எழுதிக்கொள்வார்.

வாயுவை இழப்பதோடு மாற்றம் முடிவதில்லை. எதிர்க்காற்று பலமாக வீசாத கொத்தின் ஓரங்களிலும் சிறு கூட்டங்களிலும், மண்டலத்தைச் சூழ்ந்து அதற்குப் புதிய வாயுவைத் தந்துகொண்டிருந்த மெல்லிய உறை மட்டும் கழன்றுவிடுவது உண்டு. கையிருப்பு தீரும் வரை விண்மீன்கள் பிறந்து, பிறகு மெல்ல ஓயும். உருவத்தைக் குலைப்பது வேறொன்று. கொத்தின் உள்ளே பெரிய மண்டலங்கள் அதிவேகமாக அருகே கடந்து போகும்போது ஒவ்வொன்றும் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுப் போகும். பென் மூரும் அவருடன் பணியாற்றியோரும் 1996-இல் நடத்திய கணினிப் பாவிப்பு, இத்தகைய குலுக்கல்கள் பல சேர்ந்தால் தட்டையாகச் சுழலும் சிறு மண்டலம் உப்பிய நீள்வட்டமாகிவிடும் என்று காட்டியது. அப்படியானால் அரைகுறையாக மாறியவற்றில் பழைய தட்டின் தடயம் இருக்க வேண்டுமல்லவா? இருக்கிறது. கன்னிக் கொத்தின் ஐசி 3328 வழவழப்பான நீள்வட்டக் குறுமண்டலம் என்றே கருதப்பட்டு வந்தது. ஹெல்மட் யெர்யென், அக்ரிஸ் கால்னாய்ஸ், பிங்கெலி ஆகியோர் 2000-இல் அதன் படத்திலிருந்து வழவழப்பான ஒளியைக் கழித்துப் பார்த்தபோது, உள்ளே மங்கலான சுருள் கைகள் தென்பட்டன. பின்னர் தோர்ஸ்டன் லிஸ்கரும் குழுவினரும் இத்தகைய பலவற்றைக் கண்டார்கள்.

வேகங்களும் சாட்சி சொல்கின்றன. கொத்தில் நெடுங்காலம் இருந்து நிலைகொண்டவற்றின் வேகங்கள் குறுகிய வரம்புக்குள் இருக்கும்; புதிதாக விழுந்தவற்றின் வேகங்கள் அகன்று சிதறியிருக்கும். கிறிஸ்டோபர் கான்செலிஸ், ஜான் காலகர், ரோஸ்மேரி வைஸ் ஆகியோர் 2001-இல் கன்னிக் கொத்தில் இதைச் சோதித்தார்கள். பெரிய நீள்வட்ட மண்டலங்களின் வேகச் சிதறல் விநாடிக்குச் சுமார் 460 கிலோமீட்டர். குறு நீள்வட்டங்களில் அது 700 கிலோமீட்டருக்கும் மேல்; ஏறத்தாழ சுருள் மண்டலங்களின் அளவு. சுருள் மண்டலங்கள் அண்மையில் வந்தவை என்பதில் ஐயம் இல்லை. ஆகவே குறு நீள்வட்டங்களில் பலவும் வந்தேறிகளே. ஆனால் எல்லாமும் அல்ல. நடுவில் அடர்ந்த உட்கரு கொண்ட, உருண்டையான குறுமண்டலங்கள் கொத்தின் மையத்தை ஒட்டியே செறிந்திருக்கின்றன. தட்டின் தடயம் உள்ளவையும் உட்கரு அற்றவையும் ஓரம்வரை பரவியிருக்கின்றன. முன்னவை கொத்து உருவான காலத்திலேயே அங்கிருந்த பழங்குடிகளாக இருக்க வேண்டும். குறு நீள்வட்டம் என்ற ஒரே தலைப்பின் கீழ் இரு வேறு வரலாறுகள் பதுங்கியிருக்கின்றன.

உள்ளே விழுந்த மண்டலம் நடுவில் போய் நின்றுவிடுவதும் இல்லை. நடுவைக் கடந்து மறுபக்கம் வெகுதூரம் போய், வேகம் குறைந்து, திரும்பி விழும். சில, கொத்தின் வழக்கமான எல்லைக்கு வெளியேகூடப் போய்விடுகின்றன. புதிதாக வருபவையும், ஒருமுறை உள்ளே போய்ப் பட்டுத் திரும்பியவையும் ஓரத்தில் ஒரே இடத்தில்தான் காணப்படுகின்றன. வேறுபாடு வாயுவில் இருக்கிறது. பெரிய மண்டலங்கள் கரும்பொருளோடு உரசி ஆற்றல் இழந்து மெல்ல நடுவை நோக்கித் தாழ்ந்துவிடும். அந்த உரசல் நிறையைப் பொறுத்தது என்பதால் குறுமண்டலங்களை அது கிட்டத்தட்ட விட்டுவிடுகிறது. அவை கோடானுகோடி ஆண்டுகள் அலைந்துகொண்டே இருக்கும்.

நடுவுக்கு மிக அருகே செல்பவற்றின் கதி வேறு. எம்87 போன்ற பெரும் மண்டலத்தின் ஈர்ப்பு அருகில் உள்ள பக்கத்தை அதிகமாகவும் தொலைவில் உள்ள பக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால் குறுமண்டலம் நீண்டு கிழிகிறது. இப்போது விண்மீன்களும் போகின்றன. இப்படிச் சிதறியவை எந்த மண்டலத்துக்கும் சொந்தமில்லாமல் கொத்தின் இடைவெளியில் மிதக்கின்றன. அவற்றின் மங்கிய ஒளியைக் கன்னிக் கொத்தில் கிறிஸ் மிஹோஸ் குழுவினர் 2005-இல் படம்பிடித்துக் காட்டினர். கிழிந்த மண்டலத்தில் உட்கரு மட்டும் தப்பிக்கும். நெருக்கமான சின்னஞ்சிறு விண்மீன் உருண்டையாக அது எஞ்சும். கன்னிக் கொத்தின் எம்60 மண்டலத்துக்கு அருகே அப்படி ஒன்று உண்டு. அகலம் சுமார் 300 ஒளியாண்டு, நிறை 14 கோடி சூரியன்கள். அதன் நடுவில் 2.1 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை இருப்பதை அனில் சேத் தலைமையிலான குழு 2014-இல் அறிவித்தது. பால்வீதியின் நடுவில் இருக்கும் கருந்துளையைப்போல் அது ஐந்து மடங்கு. இத்தனை பெரிய கருந்துளை இத்தனை சிறிய உருண்டையில் தானாக விளைய வழியில்லை. ஒரு காலத்தில் அதைச் சுற்றி முழு மண்டலமே இருந்திருக்க வேண்டும். கன்னிக் கொத்தில், உட்கரு உள்ள குறுமண்டலத்துக்கும் வெறும் உருண்டைக்கும் இடைப்பட்ட நிலையில் நூற்றுக்கும் மேற்பட்டவை இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கிழியும் வேலையின் எல்லாப் படிகளும் அங்கே ஒரே நேரத்தில் காணக் கிடைக்கின்றன.

பால்வீதியிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். ஒமேகா சென்டாரி என்ற பெரிய உருண்டை விண்மீன் கொத்து, பால்வீதி முன்பு விழுங்கிய குறுமண்டலத்தின் உட்கருவாக இருக்கக் கூடும். ஏறக்குறைய 17,000 ஒளியாண்டுத் தொலைவில் இருந்தும் அது வெறுங்கண்ணுக்கு மங்கிய விண்மீன்போல் தெரியும். கன்னிக் கொத்து உச்சிக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து அது பினாங்கின் தென்வானில் 37 பாகை உயரத்தில் நிற்கும்.

இன்னும் விடை கிடைக்காதவையும் உண்டு. 2015-இல் பீட்டர் வான் டொக்கம் குழுவினர், விலைக்கு வாங்கிய கேனன் கேமரா லென்ஸ்களை அடுக்கி அமைத்த டிராகன்ஃபிளை தொலைநோக்கியால் கோமா கொத்தில் 47 விசித்திர மண்டலங்களைக் கண்டனர். அகலத்தில் பால்வீதியை ஒத்தவை. விண்மீன்களின் எண்ணிக்கையில் அதில் நூற்றில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோ. கொத்துக்குள் விழுந்த குறுமண்டலங்கள் குலுக்கலில் உப்பி இப்படி ஆயினவா, அல்லது பிறக்கும்போதே பரந்து பிறந்தவையா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டும் உண்மையாக இருக்கவும் இடமுண்டு.

இவற்றைத் தீர்க்க எண்ணிக்கை வேண்டும். இருபது முப்பது மண்டலங்களை வைத்துச் சொல்ல முடியாது. 2023-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்ளிட் விண்கலம் 24 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பெர்சியஸ் கொத்தை ஒரே நாளுக்கும் குறைவான நேரம் பார்த்து, சுமார் 1,100 குறுமண்டலங்களை அடையாளம் காட்டியது. சிலியில் அமைந்த வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் வெளியிட்ட முதல் படங்களில் ஒன்று கன்னிக் கொத்தின் தெற்குப் பகுதி, அதாவது எம்49-இன் கூட்டம் இன்னும் வந்து சேர்ந்துகொண்டிருக்கும் பக்கம். பத்தாண்டுகள் அதே வானத்தைத் திரும்பத் திரும்பப் படம்பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும்போது, இதுவரை காணாத மங்கலான வால்களும், கிழிந்த ஓரங்களும், கொத்தின் எல்லைக்கு வெளியே இழைகளில் வரிசையாக வந்துகொண்டிருக்கும் நீலக் குறுமண்டலங்களும் அதில் பதிவாகும்.